லத்தி இல்லாதவரின் மேடை: பெருநகரத் துப்பறிவாளரும் நாடகமும்

ஆர்தர் கானன் டாயில் 1904இல் எழுதிய 'ஆறு நெப்போலியன்கள்' கதையில், லண்டன் முழுக்க நெப்போலியனின் சாந்துச் சிலைகளை ஒருவன் தேடித் தேடி உடைக்கிறான். கென்சிங்டனில் ஒரு வீட்டு வாசலில் கொலையும் விழுகிறது. கொலைகாரன் பிடிபட்டதும் வழக்கு முடிந்தது என்று ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் நினைக்கிறார். ஷெர்லாக் ஹோம்ஸோ கடைசிச் சிலையைப் பத்து பவுன் கொடுத்து வாங்குகிறார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலையை அதன் நடுவில் வைத்து, சவுக்குப் பிடியால் ஓங்கி அடிக்கிறார். சில்லுகளுக்கு நடுவே, முன்பு களவுபோன ஒரு கருமுத்து கிடக்கிறது. லெஸ்ட்ரேடும் ஹோம்ஸின் நண்பர் வாட்சனும் தம்மை மறந்து கைதட்ட, ஹோம்ஸ் மேடை நடிகரைப்போலத் தலைவணங்குகிறார்.

முத்து எங்கே இருக்கிறது என்பது அவருக்கு முன்பே தெரியும். வாயால் சொல்லியிருந்தாலே போதும். பிறகு ஏன் இந்த விரிப்பு, இந்த அடி, இந்தக் கைதட்டல்? பெருநகரத்தில் கொலை வழக்கைத் துலக்கும் தனியார் துப்பறிவாளர் கதைக்குக் கதை நடிகராகவே வருவது ஏன்? எழுத்தாளரின் வியாபாரத் தந்திரம் என்றோ பாத்திரத்தின் தற்பெருமை என்றோ சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தக் கதைகளையும், அவை பிறந்த ஊர்களின் காவல் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. தனியார் துப்பறிவாளர் கையில் லத்தியும் இல்லை, பிடிவாரண்டும் இல்லை. அந்த அதிகாரத்தின் இடத்தைத்தான் நாடகம் நிரப்புகிறது. அதன் வலிமையும் ஆபத்தும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

போலீஸ் கழற்றிய வேடம்

மாறுவேடத் துப்பறிவாளரின் மூலவர் பாரிஸ்காரர். யூஜின் பிரான்சுவா விடோக் (1775–1857) குற்றவாளியாக இருந்து, சிறையிலிருந்து தப்பித் தப்பிப் பிடிபட்டு, பின்பு போலீசுக்கே உளவாளியானவர். 1810களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் ரகசியப் புலனாய்வுப் படையைக் கட்டியெழுப்பினார். 1833இல் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் திறந்தார்; உலகின் முதல் தனியார் துப்பறியும் நிறுவனம் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். 1828இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நினைவுக் குறிப்புகளில் மாறுவேடச் சாகசங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றில் எத்தனை நடந்தவை, எத்தனை கட்டியவை என்ற வாதம் இன்றும் தொடர்கிறது. பால்சாக்கின் வோத்ரான் பாத்திரம் இவரைப் பார்த்து உருவானதுதான்.

லண்டனின் கதை வேறு. 1829இல் மாநகரப் போலீஸ் அமைந்தபோது ஆங்கிலேயர் அதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார்கள். பிரெஞ்சு பாணி உளவு தங்கள் தெருவுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. போலீஸ்காரர் சீருடையில்தான் நடமாட வேண்டும் என்பது அந்தப் பயத்துக்குத் தரப்பட்ட வாக்குறுதி. 1833இல் போப்பே என்ற சார்ஜென்ட், ஏழை ஓவியன் என்று சொல்லிக்கொண்டு ஓர் அரசியல் சங்கத்துக்குள் நுழைந்திருந்தது அம்பலமானது. நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கண்டித்தது. அவர் வேலை போனது. அதன் பிறகு 1842இல்தான் துப்பறியும் பிரிவு வந்தது, அதுவும் எட்டே பேரோடு. 1877இல் அந்தப் பிரிவின் மூத்த அதிகாரிகளே குதிரைப் பந்தய மோசடிக் கும்பலிடம் கைநீட்டி மாட்டினார்கள். அடுத்த ஆண்டு துறையையே கலைத்துப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

ஆக, லண்டன் போலீஸ்காரர் வேடம் போட்டால் அது அவமானம். தனியாள் போட்டால் கெட்டிக்காரத்தனம். அரசு கூச்சப்பட்டுக் கழற்றி வைத்த வேடத்தைக் கதையுலகின் தனியார் துப்பறிவாளர் எடுத்துக் கட்டிக்கொண்டார். 1887இல் அறிமுகமான ஹோம்ஸைப் பிற்பாடு வாசகர்கள் வாரியணைத்ததற்கு இந்தப் பின்னணியும் ஒரு காரணம். அவர் அறிமுகமான அடுத்த ஆண்டே லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் தொடர்கொலைகள் நடந்தன. கொலைகாரன் கடைசிவரை பிடிபடவில்லை. சீருடையின் மேல் இருந்த மிச்ச நம்பிக்கையும் அதோடு ஆட்டம் கண்டது.

வழிகாட்டி போ

கதைகளில் இந்த இலக்கணத்தை முதலில் வகுத்தவர் எட்கர் ஆலன் போ. பெற்றோர் இருவருமே மேடை நடிகர்கள். 1841இல் வந்த 'ரூ மார்க் கொலைகள்' கதையில் துப்பறியும் துப்பேனுக்கு யாரையும் அழைத்து விசாரிக்கும் உரிமை கிடையாது. அவர் செய்வது, பத்திரிகையில் ஒரு பொய் விளம்பரம் கொடுப்பது. விளம்பரத்தை நம்பி, அவர் தேடும் மாலுமி தானே படியேறி வருகிறான். துப்பேன் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கைத்துப்பாக்கியை அமைதியாக மேசைமேல் வைக்கிறார். சம்மன் அனுப்ப வேண்டிய இடத்தில் விளம்பரம். லாக்கப் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டிய அறை.

1844இல் எழுதிய 'களவுபோன கடிதம்' இதைவிட நயமானது. கடிதத்தைத் திருடிய அமைச்சரின் வீட்டைப் போலீஸ் அங்குலம் அங்குலமாகச் சோதித்துத் தோற்கிறது. துப்பேன் கண் போகும் திசை தெரியாதபடி பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விருந்தாளியாக உள்ளே போகிறார். மறுநாள் தெருவில் ஒருவன் பைத்தியக்காரனைப்போலத் துப்பாக்கி வெடிக்கிறான். அமைச்சர் ஜன்னலுக்கு ஓடும் நேரத்தில் கடிதம் கைமாறுகிறது. வெடித்தவன் துப்பேன் கூலி கொடுத்து நிறுத்திய ஆள். சோதனை போடும் அதிகாரம் முழுதும் இருந்த போலீசால் முடியாததை, ஒரு கண்ணாடியும் ஒரு துணை நடிகனும் முடித்துவிட்டார்கள்.

ஊரே வேடம் போடும்போது

இந்த வேடம் ஏன் பெருநகரத்தில் எடுபடுகிறது? கிராமத்தில் ஒருவர் இன்னார் மகன், இன்ன தெரு என்று நாலு பேராவது சொல்லிவிடுவார்கள். 1801இல் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இருந்த லண்டனில், நூறு ஆண்டு கழித்து அறுபத்தைந்து லட்சம் பேர். அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதற்கு அவர் உடுத்தும் கோட்டும் பேசும் ஆங்கிலமுமே சாட்சி. உடையை மாற்றினால் ஆளே மாறிவிடலாம்.

டாயில் இதை நன்றாக அறிந்திருந்தார். 1891இல் வந்த 'கோணல் உதட்டுக்காரன்' கதையில், புறநகரில் பங்களா வைத்திருக்கும் கௌரவமான குடும்பஸ்தர், தினமும் ரயிலேறி நகருக்குள் வந்து, ஒப்பனை பூசிக்கொண்டு பிச்சை எடுக்கிறார். முன்பு மேடையிலும் பத்திரிகையிலும் இருந்தவர் அவர். ஹோம்ஸ் ஒரு பஞ்சை நனைத்து அவர் முகத்தைத் துடைத்ததும், கொலையுண்டதாக நம்பப்பட்டவரே கொலையாளியாகச் சிறையில் கிடந்தது தெரியவருகிறது. அதே ஆண்டின் இன்னொரு கதையில், வளர்ப்பு மகளின் வருமானம் கைவிட்டுப் போகாதிருக்க, மாற்றாந்தந்தையே காதலன் வேடத்தில் வந்து அவளை மயக்குகிறான். 'பொஹிமியாவில் ஓர் ஊழல்' கதையில் குதிரைக்காரனாகவும் பாதிரியாராகவும் வேடமிடும் ஹோம்ஸை வெல்பவர் ஐரீன் ஆட்லர். அவர் ஓர் ஓபரா பாடகி. ஆண் உடையில் ஹோம்ஸின் பக்கத்தில் நடந்து, வணக்கமும் சொல்லிவிட்டுப் போகிறார். நடிகரைத் தோற்கடிக்க நடிகையால்தான் முடிந்தது.

இந்த ஊரில் துப்பறிவு என்பதே ஒப்பனைக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்ப்பதுதான். ஹோம்ஸ் கைவிரல் காய்ப்பையும் சட்டைக்கை பளபளப்பையும் படிப்பது இதற்காகவே. வேடம் கட்டத் தெரிந்தவருக்கே அடுத்தவர் வேடத்தில் தையல் பிரிந்த இடம் தெரியும்.

பார்வையாளர் என்ற சாட்சி

ஹோம்ஸின் நாடகத்தனத்துக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. ஒன்று, எடின்பரோ மருத்துவமனைப் பேராசிரியர் ஜோசப் பெல். நோயாளி வாய் திறக்கும் முன்பே அவர் எந்தப் படையில், எந்தத் தீவில் பணியாற்றியவர் என்று மாணவர் கூட்டத்துக்கு நடுவே சொல்லி அசத்துவார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் டாயில். பெல்லின் வித்தைக்கு மருத்துவ அறிவு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை, வாய் பிளந்து நிற்கும் அந்தக் கூட்டமும்.

இரண்டாவது, மேடை. அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட் 1899இல் 'ஷெர்லாக் ஹோம்ஸ்' நாடகத்தை அரங்கேற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வப்போது அந்த வேடத்தைக் கட்டினார். ஹோம்ஸின் வாயில் இன்று நாம் காணும் வளைந்த புகைக்குழாய் ஜில்லெட் நிலைநாட்டியது. அந்த நாடகத்தின் இங்கிலாந்துக் குழுவில் பில்லி என்ற வேலைக்காரப் பையனாக நடித்தவர் சிறுவன் சார்லி சாப்ளின்.

மூன்றாவது வாட்சன். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவைக் கட்டியங்காரன் கூவி அறிமுகப்படுத்துவதுபோல, ஹோம்ஸின் வருகையை நமக்கு அறிவிப்பவர் அவர். வியக்க வேண்டிய இடத்தில் நமக்கு முன்பாக வியப்பவரும் அவரே. இதோடு இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. விமர்சகர்கள் அதை அதிகம் கவனிப்பதில்லை. 1913இல் வந்த 'சாகும் துப்பறிவாளர்' கதையில் ஹோம்ஸ் மூன்று நாள் பட்டினி கிடந்து, நெற்றியில் வாசலினும் உதட்டோரம் மெழுகும் தடவி, கொடுநோய் வந்தவராக நடிக்கிறார். அவர் சாகப்போகிறார் என்று நம்பிய கொலைகாரன், தன் குற்றத்தை அவர் காதருகே பெருமையாகச் சொல்கிறான். கட்டிலின் தலைமாட்டில் ஒளிந்திருக்கும் வாட்சன் எல்லாவற்றையும் கேட்கிறார். கேட்டவர் ஒருவர் இல்லையென்றால் அந்த வாக்குமூலத்துக்கு மதிப்பில்லை.

1903இல் வந்த 'காலி வீடு' கதையும் அப்படித்தான். பார்க் லேனில் ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்திருக்கிறார். ஹோம்ஸ் தன்னைப்போலவே ஒரு மெழுகுச் சிலை செய்து, தான் குடியிருக்கும் பேக்கர் தெரு வீட்டின் ஜன்னலில் வைக்கிறார். வீட்டுக்காரி ஹட்சன் அம்மையார் கால்மணிக்கொரு தரம் தவழ்ந்து போய் அதை நகர்த்திவைக்கிறார். எதிர்வீட்டிலிருந்து கொலைகாரன் சுடுகிறான். காத்திருந்த போலீஸ் பிடிக்கிறது. அவன் கையிலிருந்த விசேஷத் துப்பாக்கியே முந்தைய கொலைக்கும் விடை சொல்கிறது. நாடகம் ஆளை வரவழைத்தது. குற்றத்தை நிறுவியது ஆயுதம்.

கூடத்தில் கூடும் சபை

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கைரேகை அறிவியலின் பெரும்பாய்ச்சல் நம் கொல்கத்தாவில், எட்வர்டு ஹென்றியின் கீழ் பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேம்சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் நடந்தது. 1901இல் ஸ்காட்லாந்து யார்டிலும் கைரேகைப் பிரிவு தொடங்கியது. 1905இல் டெட்ஃபோர்டு கடைக்காரர் கொலை வழக்கில் காசுப்பெட்டியில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை, சகோதரர் இருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியது. ஆய்வகம் அரசின் கைக்குப் போய்விட்டது. பூதக்கண்ணாடியோடு தரையில் தவழும் தனியாளுக்கு இனி அங்கே வேலையில்லை.

அவருக்கு மிஞ்சியது பேச்சும் சபையும். அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் புவாரோ 1920இல் இந்த இடத்தில்தான் நுழைகிறார். தடயம் பொறுக்கும் வேலையை வேட்டை நாயின் வேலை என்று ஏளனம் செய்பவர் அவர். சம்பந்தப்பட்ட அத்தனை பேரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொருவர் பொய்யையும் உரித்து, கடைசியில் ஒருவரைச் சுட்டுகிறார். வேடமும் விடவில்லை, ஒட்டுத்தாடிக்குப் பதிலாகத் தன் அயல்நாட்டுத் தன்மையையே வேடமாக்கிக்கொண்டார். ஆங்கிலத்தை வேண்டுமென்றே கொச்சையாகப் பேசுவதாகவும், ஆங்கிலேயர் தன்னை மட்டமாக எண்ணி அஜாக்கிரதையாக இருக்க அது உதவுவதாகவும் 'மூன்று அங்கச் சோகம்' நாவலில் அவரே ஒப்புக்கொள்கிறார். 1975இல் வெளியான அவருடைய கடைசி வழக்குக்குக் கிறிஸ்டி வைத்த தலைப்பு 'திரை'. நாடகத் திரைதான்.

ஆனால் புவாரோவின் சபையில் ஒரு பலவீனமும் இருக்கிறது. பல நாவல்களில் அவர் கையில் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்று ஒன்றுமே இருப்பதில்லை. இல்லாத சான்றை இருப்பதாகக் காட்டி மிரட்டுகிறார்; குற்றவாளி நிலைகுலைந்து தானே வெடிக்கிறார். வெடிக்காமல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1934இல் வந்த 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் கொலை' இந்தக் கேள்வியின் விளிம்புக்கே போகிறது. அங்கே புவாரோ இரண்டு விடைகளை முன்வைத்து, எதை ஏற்பது என்று சபையையே தீர்மானிக்கவிடுகிறார். உண்மையைக் காட்டவந்த மேடை, உண்மையைத் தேர்ந்தெடுக்கும் மேடையாகிவிடுகிறது.

வேறு ஊர்கள், வேறு உரிமங்கள்

அமெரிக்காவின் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் உண்மையாகவே துப்பறிவாளராக வேலை பார்த்தவர் டேஷியல் ஹாமெட். அவருடைய சான்பிரான்சிஸ்கோ நாயகன் சாம் ஸ்பேடுக்கு ஒட்டுத்தாடி கிடையாது. ஆனால் 1930இல் நூலாக வந்த 'மால்டாவின் வல்லூறு' நாவலில், எதிரிகளின் அறையில் ஆத்திரம் தலைக்கேறியவனைப்போல் கத்தி, கண்ணாடிக் கோப்பையை உடைத்துவிட்டு வெளியே வந்ததும் சிரித்துக்கொள்கிறான். ஒப்பனை முகத்திலிருந்து நரம்புக்குள் போய்விட்டது.

கொல்கத்தாவில் சரதிந்து பந்த்யோபாத்யாய் 1932 முதல் எழுதிய பியோம்கேஷ் பக்‌ஷிக்குத் 'துப்பறிவாளர்' என்ற பட்டமே பிடிக்காது. உண்மையைத் தேடுபவன் என்று சொல்லிக்கொள்வார். ஆனாலும் அவர் நமக்கு அறிமுகமாவதே பொய்ப்பெயரில்தான். கொலைகள் நடக்கும் ஒரு பகுதியில், வேலை தேடிவந்த ஏழை இளைஞனாக மெஸ் ஒன்றில் தங்கவருகிறார். பெருநகரத்தில் மெஸ் அறையைவிட நல்ல மேடை எது?

தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிய காலத்திலேயே துப்பறிவாளர் வந்துவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் துறவியாகவே இருந்து துப்பறிபவர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அதைப் படமாக்கியபோது எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்து அசத்தினார். துப்பறிவாளர் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தானே ஒரு பாத்திரம்போல உலவினார். தேவனின் துப்பறியும் சாம்பு இந்த மரபுக்கு மாற்று மருந்து. அசட்டுத்தனத்தாலேயே வழக்கு துலங்கும்போது, மேதையின் மேடைப் பந்தா முழுவதும் நகைப்புக்குள்ளாகிறது. சுஜாதா வேறு வழி கண்டார். கணேஷும் வசந்தும் வக்கீல்கள். கேள்வி கேட்கும் உரிமையைக் கறுப்பு அங்கியே தந்துவிடுகிறது. கணேஷ் அடக்கமாகப் பேச முடிவதும், நாடகமெல்லாம் வசந்தின் நக்கலுக்கு ஒதுங்கிவிடுவதும் அதனால்தான். அதிகாரம் சற்றே கைவந்ததும் நடிப்பின் தேவை குறைகிறது.

நிஜத்தில் நடந்தது

உண்மையான தனியார் துப்பறிவாளர்கள் கொலை வழக்கைத் தொட்டது மிக அரிது. இங்கிலாந்தில் 1857இன் சட்டம் விவாகரத்துக்குத் தனி நீதிமன்றம் அமைத்தது; இவர்கள் தொழில் பெருகியதும் அதன் பிறகே. கணவர் எந்த ஓட்டலுக்குப் போகிறார், யாரோடு போகிறார் என்று பார்ப்பதுதான் அன்றாடப் பிழைப்பு. ஆனாலும் நாடகம் அவர்களையும் விடவில்லை. 1905இல் லண்டனில் அலுவலகம் திறந்த மாட் வெஸ்ட் என்ற பெண்மணி, ஆண் வேடங்களில் எடுத்த புகைப்படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துப் புகழ்பெற்றார். அவருடைய சமகாலப் போட்டியாளர் கேட் ஈஸ்டன் முன்னாள் நடிகை. கதைகள் வாடிக்கையாளருக்கு ஊட்டிய எதிர்பார்ப்பை நிஜத் துப்பறிவாளர்கள் விளம்பரமாக்கிக்கொண்டார்கள்.

டாயிலே நிஜ வழக்குகளில் இறங்கியதுண்டு. 1908இல் கிளாஸ்கோவில் நடந்த ஒரு மூதாட்டியின் கொலைக்காக ஆஸ்கர் ஸ்லேட்டர் தவறாகத் தண்டிக்கப்பட்டார் என்று வாதாடினார். அதில் மெழுகுச் சிலையும் இல்லை, வேடமும் இல்லை. 1912இல் ஒரு சிறுநூல், பிறகு கடிதங்கள், மனுக்கள். ஸ்லேட்டர் சிறையைவிட்டு வெளியே வந்தது 1927இல். தீர்ப்பு ரத்தானது 1928இல். ஹோம்ஸைப் படைத்தவருக்கு நிஜ உலகம் கைதட்டலைத் தரவில்லை, பொறுமையைத்தான் கேட்டது.

அதிகாரம் உள்ளவர் இந்த நாடகத்தைக் கையிலெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனிலேயே கசப்பான சாட்சி உண்டு. 1992இல் விம்பிள்டன் திறந்தவெளியில் ஓர் இளம் தாய் கொல்லப்பட்டார். போலீஸ் ஓர் உள்ளூர் இளைஞரைச் சந்தேகித்தது. பெண் அதிகாரி ஒருவர் காதலிப்பதாக நடித்து மாதக்கணக்கில் அவரோடு பழகினார். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் வழக்குப் போட்டார்கள். 1994இல் நீதிபதி அந்தச் சான்றுகளை ஏற்க மறுத்து, போலீசின் வஞ்சக முறையைக் கடுமையாகக் கண்டித்தார். உண்மைக் கொலையாளி வேறொருவர், 2008இல்தான் டி.என்.ஏ. சான்றின் துணையோடு தண்டனை பெற்றார். போலீஸ் தவறான ஆளைச் சுற்றி நாடகம் நடத்திய 1993இல், அந்தக் கொலையாளி இன்னொரு தாயையும் அவர் மகளையும் கொன்றிருந்தார்.

கனடாப் போலீஸ் இதை ஒரு முறையாகவே வளர்த்தது. போலிக் குற்றக் கும்பல் ஒன்றை அமைத்து, சந்தேக நபரை அதில் சேர்த்து, 'பெரிய அண்ணன்' முன்னிலையில் பழைய குற்றத்தைச் சொல்லவைப்பது. 2014இல் கனடா உச்ச நீதிமன்றம் விசாரித்த ஹார்ட் வழக்கில், வேலையும் நட்பும் இல்லாத ஒருவருக்காக நான்கு மாதங்களில் 63 காட்சிகள் நடத்தப்பட்டிருந்தன. அவருக்குக் கிடைத்த ஒரே நண்பர்கள் அந்த நடிகர்கள்தான். அவர்களை இழக்காமலிருக்க எதையும் சொல்லியிருப்பார் என்பதால் வாக்குமூலம் தள்ளப்பட்டது. இனி இத்தகைய ஒப்புதல்கள் செல்லாதவை என்றே தொடங்க வேண்டும், நம்பத்தக்கவை என்று அரசு நிறுவினால்தான் ஏற்கலாம் என்று நீதிமன்றம் விதித்தது.

மூன்று வேலைகள்

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், துப்பறியும் நாடகம் மூன்று வேலைகளைச் செய்வது தெரியும். மறைந்திருப்பவரை வெளியே வரவழைக்கிறது. நடப்பதைக் காண ஆட்களைக் கூட்டுகிறது. கூடியவர்களை நம்பவைக்கிறது. முதல் இரண்டிலும் அதிகாரமில்லாத தனியாளுக்கு நியாயம் உண்டு. கதவைத் தட்டித் திறக்கச்சொல்ல முடியாதவர், கதவு தானே திறக்கும்படி ஒரு சூழலைப் படைக்கிறார். மூன்றாவதுதான் சிக்கல். நம்பவைக்கும் திறமை உண்மையின் பக்கமே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கதைகளின் உலகில் எழுத்தாளர் அந்த உத்தரவாதத்தைத் தருகிறார், அவ்வளவுதான். விம்பிள்டனில் அதைத் தர எந்த எழுத்தாளரும் இல்லை.

அதனால் நல்ல துப்பறியும் கதைக்கு ஓர் உரைகல் சொல்லலாம். அதிலுள்ள கைதட்டலையும் பேச்சையும் கழித்துவிட்டுப் பாருங்கள். சந்தேகப்படும் மூன்றாம் மனிதர் கையில் எடுத்துச் சோதிக்க ஏதாவது மிஞ்சுகிறதா? முத்து, துப்பாக்கி, துடைத்த முகம் என்று ஏதோ ஒன்று மிஞ்சினால், துப்பறிவாளர் எவ்வளவு ஆடினாலும் தகும். குற்றவாளியின் கண்ணீர் மட்டுமே மிஞ்சினால், நாம் பார்த்தது துப்பறிவை அல்ல. ஒரு நல்ல நடிகர் தன்னைவிடப் பலவீனமான நடிகரைத் தோற்கடித்ததை மட்டுமே.